வேர்மண்ணோடு நட்ட செடி

ஜெர்பரா பூவைக் கத்தியால் அறுக்கக் கூடாது. தண்டின் அடியைப் பிடித்து, லேசாக ஒரு பக்கம் சாய்த்து, ஒரு திருகு திருகி மேலே இழுக்க வேண்டும். சரியாக இழுத்தால் தண்டு அடியோடு கழன்று வந்துவிடும். அறுத்தால் மிச்சம் நிற்கிற துண்டு அழுகி, அந்த அழுகல் செடியின் கழுத்துக்கு இறங்கும். நல்லம்பள்ளிப் பக்கம், எங்கள் ஊருக்கு வெளியே ஒருவர் பிளாஸ்டிக் கூரையோடு பாலிஹவுஸ் போட்டு ஜெர்பரா வளர்க்க ஆரம்பித்தபோது, வேலைக்குப் போன பெண்களுக்குப் பூ எடுப்பில் முதலில் சொல்லிக் கொடுத்தது இதுதான். மற்றவர்களுக்குப் பழக ஒரு வாரம் ஆனது. எனக்கு அன்றைக்கே கை வந்துவிட்டது.

அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். அதற்குப் பிறகு தக்காளிக் காடு, களை வெட்டு, மாடு, பிள்ளைகள் என்றே காலம் போய்விட்டது. எதிலும் யாரும் என்னைத் தனியாகக் குறித்து நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் எனக்கு முகம் சூடாகிவிடும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தும், கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவளைப் பாலிஹவுஸ்காரர் எல்லோர் முன்னாலும் காட்டி, "இந்தம்மா கைய பாத்துக்கங்க. இவங்க பூவு எடுத்தா செடிக்கே தெரியாது" என்றார். அன்று முழுக்க நான் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் உள்ளுக்குள் அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தாலும் சத்தம் போடாத மனிதர். பேச்சை மட்டும் நிறுத்திவிடுவார்.

என்னோடு வேலை செய்தவர்களில் ஒருத்தி சித்தேரி மலையிலிருந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அக்கா, அக்கா என்று என்னோடேயே இருப்பாள். நான் பேசாததற்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். பாலிஹவுஸ் வாசலில் ஒரு சிறிய சிமெண்ட் தொட்டி இருக்கும். அதில் ஊதா நிற மருந்துத் தண்ணீர். உள்ளே போகிற எல்லோரும் அதில் காலை மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளி மண் உள்ளே வரக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இவள் ஆரம்பத்தில் தொட்டியைத் தாண்டிக் குதித்துவிடுவாள். அண்ணன் பார்த்துவிட்டுக் கேட்டால், "தெனம் அதுல மிதிச்சி எங்காலு கத்திரிக்கா மாதிரி ஆயிடுச்சிங்கண்ணா. வூட்டுக்காரரு பாத்துட்டு பயப்படறாரு" என்பாள். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டு, "குதிக்காத, மிதிச்சிட்டு வா" என்பார்.

அதற்கெல்லாம் முன்னால், செடிகள் வந்து இறங்கிய நாளில் நாங்கள் எல்லோரும் குழித்தட்டுகளைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். எல்லாச் செடியும் ஒரே உயரம். ஒன்றில் ஆறு இலை என்றால் பக்கத்திலும் ஆறு. இலையின் வெட்டுகூட ஒன்று போலவே இருந்தது. நாங்கள் தக்காளி நாற்று பார்த்தவர்கள். ஒரே பொட்டலத்து விதையில் வந்த நாற்றிலும் ஒன்று துள்ளும், ஒன்று தூங்கும்.

"இதென்னாங்கண்ணா, ஜெராக்ஸ் எடுத்து அடுக்குன மாதிரி இருக்குது?" என்றாள் சித்தேரிக்காரி.

"ஜெராக்ஸ்தான்" என்றார் அண்ணன். போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். வாயும் தலையும் மூடிய பெண்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, பாட்டிலில் இருந்த பச்சையை எடுத்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள். "இதுக்கு வெதை கெடையாது. நல்ல செடியா ஒண்ண எடுத்து, அதுல நகத்தளவு துண்டு நறுக்கி, பாட்டில்ல வெச்சி வளக்கறாங்க. அது குட்டி போடும். அந்தக் குட்டியயும் நறுக்கி வேற பாட்டில்ல வெப்பாங்க. இங்க வந்திருக்கற செவப்பு பூராவும் ஒரே செடிம்மா. ஒரே செடி இத்தன எடத்துல நிக்குது."

"அப்ப ஒண்ணுக்கு சளி புடிச்சா எல்லாம் தும்முமாங்கண்ணா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அண்ணனுக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது. பெங்களூரு வியாபாரி கல்யாண மேடைக்குப் பூ எடுப்பவர். ஒரே சிவப்பு, ஒரே அகலம், ஒரே தண்டு நீளம் இருந்தால்தான் எடுப்பார். ஒரு பூ கொஞ்சம் வெளுத்திருந்தாலும் அந்தக் கட்டு முழுவதையும் ஓரம் வைத்துவிடுவார். அதனால் கடைசி இரண்டு பாத்தியைத் தவிர மற்ற எல்லாப் பாத்தியிலும் அந்தச் சிவப்பையே நட்டோம். செடி பத்தாமல் போனதால்தான் கடைசி இரண்டில் மஞ்சள்.

நட்டு முடித்தபின், ஒரு தட்டில் சில சிவப்புச் செடிகள் ஓரம் ஒடிந்து கழிந்து நின்றன. அண்ணி, அதாவது அண்ணனுடைய மனைவி, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "வூட்ல வெச்சிக்கங்க. பொழச்சா பொழைக்கட்டும்." நான் எங்கள் தக்காளிக் காட்டிலிருந்து மண் எடுத்து வந்து, ஒரு பழைய பெயிண்ட் பக்கெட்டில் அதை நட்டேன். அந்த வருஷம் எங்கள் காட்டில் தக்காளி பாதி வாடிச் செத்திருந்தது. அதை இதோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தெரியவில்லை. என் செடி பிழைத்தது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று பூத்தது. பாலிஹவுஸ் பூவுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் அது நடந்தது. அடுத்தடுத்து முகூர்த்தம். வண்டி காத்துக்கொண்டிருந்தது. நாலாவது பாத்தியில் நான் வேகமாகப் பூ எடுத்துக்கொண்டு போகும்போது, ஒரு தண்டு வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. திருகாமல் இழுத்துவிட்டேன். சடக்கென்று ஒரு சத்தம். கழுத்து பிளந்து, செடி வேரோடு என் கைக்கு வந்துவிட்டது.

செடி ஒடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அண்ணனைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து பார்ப்பார், குழியில் மருந்து ஊற்றுவார், ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான். திட்டமாட்டார். வேறு பெண்கள் ஒடித்தபோது அப்படித்தான் செய்தார். ஆனால் நான் போகவில்லை. செடிக்கே தெரியாது என்று அவர் சொன்ன வார்த்தைதான் காதில் கேட்டது. அவர் முன்னால் போய், நான் ஒடித்துவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. செடியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, குழியை மூடிவிட்டு, பக்கத்துச் செடியின் இலைகளை அந்தப் பக்கம் சாய்த்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பக்கெட்டில் நின்ற என் செடி கண்ணில் பட்டது. ஒரே செடிதானே என்று தோன்றியது. அவரே சொன்னதுதானே. இதை அங்கே கொண்டு போய் வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது.

எங்கள் பக்கம் நாற்று பிடுங்கி இடம் மாற்றும்போது வேர்மண்ணைக் கலைக்கமாட்டோம். பழகின மண் ஒரு பிடியாவது கூடப் போனால்தான் புது இடத்தில் செடி மிரளாது என்பார்கள். தக்காளியோ, கத்திரியோ, மிளகாயோ, வேரை உதறிவிட்டு நட்டவனைக் காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சின்ன வயதிலிருந்து கையில் ஊறின பழக்கம். மறுநாள் காலையில் நான் பக்கெட்டைத் தட்டி, செடியை மண்கட்டியோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அதன் மேல் சாப்பாட்டுப் பாத்திரம். பாலிஹவுஸ் வாசலில் ஊதாத் தண்ணீரில் இரண்டு காலையும் நன்றாக மிதித்தேன். எனக்கு முன்னால் போன சித்தேரிக்காரியும் மிதித்துவிட்டுத்தான் போனாள். அண்ணன் சொல்லிச் சொல்லி, அவள் குதிப்பதை விட்டு ஆறு மாதமாகியிருந்தது. பின்னால் வந்த என் பையில் ஒரு கை நிறைய எங்கள் காட்டு மண் இருந்தது.

நாலாவது பாத்திப் பக்கம் யாரும் வருவதற்கு முன் நட்டுவிட்டேன். தண்ணீர் விட்டேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். எது நான் வைத்த செடி என்று எனக்கே தெரியவில்லை. அந்த நிமிஷம் எனக்குப் பயம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது வாரம் அதற்குப் பக்கத்துச் செடி மதியத்தில் இலையைத் தொங்கப் போட்டது. சாயங்காலம் நிமிரவில்லை. மறுநாள் நான் வைத்த செடி. அதற்கடுத்த வாரம், சொட்டுநீர்க் குழாய் இறங்குகிற பக்கமாக வரிசையாக வாட ஆரம்பித்தது. அண்ணன் மருந்து ஊற்றினார். வேறு மருந்து வாங்கி வந்து ஊற்றினார். நாலாவது பாத்தியிலிருந்து மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் போனது. நாங்கள்தானே பாத்தி பாத்தியாகக் கை வைத்துக்கொண்டு நடந்தோம். தொட்டால் செடி கழுத்தோடு கையில் வந்தது. இரண்டு மாதத்தில் சிவப்பில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசி இரண்டு பாத்தி மஞ்சள் மட்டும், நாலைந்து செடி போனதைத் தவிர, பூத்துக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் கருகிய பாத்திகள், அந்தப் பக்கம் மஞ்சள். நடுவில் நாங்கள் நடக்கிற ஒரு சந்து.

அண்ணன் முதலில் செடி கொடுத்தவர்கள்மேல்தான் சந்தேகப்பட்டார். பிறகு செடி நோய் பற்றிப் படித்த ஒருவரை அழைத்து வந்தார். அவர் ஒரு செடியைப் பிடுங்கி வேரை விரலால் உருவினார். தோல் உரிந்து கையோடு வந்தது. உள்ளே எலிவால் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்றது.

"இது பாட்டில்ல இருந்து வந்த நோவு இல்லீங்க. அப்படி வந்திருந்தா ரெண்டு வருஷம் நின்னு பூத்திருக்காது. வெளி மண்ணு உள்ள வந்திருக்குது. கால்ல வந்திருக்கலாம், செருப்புல வந்திருக்கலாம்" என்றார். மஞ்சளைக் காட்டினார். "அது வேற ஒடம்பு, தாங்கிக்கிச்சு. நீங்க மிச்சம் பூரா ஒரே ஒடம்பா வெச்சிட்டீங்க. அதுல ஒண்ணால தாங்க முடியலன்னா எதாலயும் முடியாது."

கால் என்று அவர் சொன்னதும் எல்லோரும் யாரைப் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணிதான் பேசினார். "எத்தன தடவ சொன்னாரு, மிதிச்சிட்டு வா, மிதிச்சிட்டு வான்னு."

"அண்ணி, ஆறு மாசத்துக்கு மேல ஆச்சிங்க நான் குதிக்கறத வுட்டு. மிதிச்சிட்டுதான வரேன்." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. தெனம் எம் பின்னாடிதான வரீங்க?"

நான் பூ வைக்கிற வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கவனிக்கலயே" என்றேன்.

"கவனிக்கலயா?"

நான் குனிந்து வாளியைத் தூக்கினேன். "சரி. மலையிலருந்து வந்தவ மண்ணோடதான் வருவா. அவ்ளோதான?" என்று சொல்லிவிட்டு, பூவுக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் உறைக் கட்டைப் பாத்தி ஓரம் வைத்துவிட்டு வெளியே போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. யாரும் நிற்கவும் சொல்லவில்லை.

மற்றவர்கள் ஒரு வாரம் செத்த செடிகளைப் பிடுங்கி வெளியே குவித்துக் கொளுத்தினோம். பிறகு எங்களுக்கும் அங்கே வேலை இல்லை. அண்ணன் மண்ணை எல்லாம் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, பாலிஹவுஸைக் காயப் போட்டார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷத்தில் எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் மண்ணில்தான் அந்த நோய் இருந்தது என்று யார் பார்த்தார்கள்? அதே மண்ணில் பக்கெட்டில் என் செடி நின்று பூக்கவில்லையா? தண்ணீரில் வந்திருக்கக் கூடாதா? வந்து போன வண்டிக்காரர் காலில் வந்திருக்கக் கூடாதா? இருக்கலாம். ஆனால் கவனிக்கலயே என்று நான் சொன்ன பேச்சுக்கு எந்த மண்ணும் காரணம் இல்லை. அதை, பேசக் கூசுகிற நானே வாய் திறந்து சொன்னேன். தெருவில் அவள் வருவது தெரிந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். அவளாலேதான் பாலிஹவுஸ் போச்சு என்று ஊரில் பேசும்போது, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வருஷம் மாசியில் அண்ணன் திரும்பச் செடி இறக்கினார். இந்தத் தடவை நாலு நிறம், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பாத்தி. எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். போனபோது, ஒரு குழித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "புதுசா வர்ற பொம்பளைங்களுக்கு நீங்கதாம்மா சொல்லிக் குடுக்கணும். உங்க கை மாதிரி வராது" என்றார்.

அந்தப் பேச்சை இரண்டாம் தடவை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அண்ணா, அந்த நோவு நான் கொண்டாந்ததுங்க."

"என்னாம்மா?"

சொன்னேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் தட்டைக் கீழே வைக்காமலே நின்றார்.

"எந்த பாத்தி?"

"நாலாவதுங்க. ரெண்டாவது கம்பத்துகிட்ட."

"அங்கதான் மொதல்ல வாடுச்சு" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு செடி ஒடிஞ்சதுக்கு நான் என்னாம்மா பண்ணியிருப்பேன் உங்கள?" என்றார்.

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டீங்க."

"அப்பறம் ஏம்மா?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? நான் திரும்ப நட்டுட்டேன். அந்த புள்ளகிட்ட போயி சொல்லுங்க." அதற்கு மேல் பேசவில்லை. வேலைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

நான் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. நின்றுகொண்டேதான் சொன்னேன். ஒடிந்த செடி, பக்கெட், சாக்கு, எல்லாம். அவள் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"முடிஞ்சிதா?"

"ம்."

"என்னமோன்னு பாத்தேன். நான் செய்யலன்னு எனக்கு தெரியாதா? அத எங்காதுல வந்து சொல்றீங்க?" கொட்டையை ஒரு பக்கம் தள்ளினாள். "பால் சொசைட்டில வெச்சிதான் கேக்கறாங்க, பூந்தோட்டத்த அழிச்சது நீதானான்னு. ரெண்டு வருஷமா கேக்கறாங்க. எம் மாமியா கேட்டாச்சி, எம் புள்ளய இஸ்கூல்ல கேட்டாச்சி. அங்க வந்து சொல்லுங்க."

"அத்தன பேரு முன்னாடி எனக்கு…"

"தெரியும். பேச வராது. அன்னிக்கி மட்டும் வந்திச்சி, கவனிக்கலன்னு."

அன்று சாயங்காலம் பால் கேனோடு போனேன். வரிசையில் இருபது பேருக்குக் குறையாது. அவள் எனக்கு நாலு பேருக்கு முன்னால் நின்றாள். நான் வரிசையை விட்டு வெளியே வந்து நின்றேன். முகம், காது, கழுத்து எல்லாம் கொதித்தது. "கொஞ்சம் கேளுங்க" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. "யக்கா, வரிசை அந்தப் பக்கம்" என்று யாரோ சொன்னார்கள். நான் ஏதோ சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னா சொல்லுது அது?" என்றார் ஒரு வயதானவர்.

"எதோ செடிய பத்தி."

"சத்தமா சொல்லு ஆயா" என்று பின்னாலிருந்து ஒருவன் கிண்டல் செய்தான். சிரித்தார்கள்.

சத்தமாகச் சொன்னேன். "பாலிஹவுஸ்ல செடி செத்தது இவளால இல்ல. என்னால. எங்க காட்டு மண்ண பையில எடுத்துட்டு போயி நான்தான் உள்ள வெச்சேன். இவ தெனமும் மருந்துத் தண்ணில மிதிச்சிட்டுதான் வந்தா. நான் பாத்தேன். பாக்கலன்னு பொய் சொன்னேன்."

பால் அளக்கிறவர் கை நின்றது. யாரும் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் கழிச்சி இப்ப வந்து சொல்றியா?" என்று ஒரு பெண் கேட்டாள். சித்தேரிக்காரி தன் முறை வந்ததும் பாலை ஊற்றினாள், சீட்டை வாங்கினாள், கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை. நான் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அதே வரிசை. அவள் எனக்கு இரண்டு பேருக்கு முன்னால். முந்தின நாள் வராத ஒருவர் எனக்குப் பின்னால் வந்து நின்று, "ஏம்மா, பூந்தோட்டத்த அழிச்சது நீதானாமே?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

அவள் காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை. வரிசை நகர, கேனைத் தூக்கி ஓரடி முன்னால் வைத்தாள். நானும் வைத்தேன்.